பின்னூட்டத்தின் கதை – 14: நூற்றில் ஒரு பங்கு

1978 ஆகஸ்டு மாத ‘ஐ.இ.இ.இ. டிரான்ஸாக்ஷன்ஸ் ஆன் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோல்’ இதழில் 756, 757 ஆகிய இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர் ஜான் டாயில். மினியாபொலிஸில் ஹனிவெல் நிறுவனத்தோடு வேலை பார்த்துவந்த இளைஞர். முனைவர் பட்டம்கூட அப்போது வாங்கியிருக்கவில்லை. எல்.க்யூ.ஜி. முறையில் வடிவமைக்கும் கட்டுப்படுத்திகளுக்கு உறுதியாகக் கிடைக்கும் மார்ஜின்கள் என்பது தலைப்பு. கட்டுரைச் சுருக்கம் இருக்க வேண்டிய இடத்தில், அப்படி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். அதற்குமேல் அவர் விளக்கப் போகவில்லை.

அந்த மூன்று சொற்கள் ஏன் அவ்வளவு பேரைத் துணுக்குற வைத்தன என்பது புரிய, கடந்த இரண்டு அத்தியாயங்களில் விட்ட இடத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1960-இல் ருடால்ஃப் கால்மன் கொண்டுவந்த முறையில் வடிவமைப்பு என்பது கணக்காகிவிட்டது. இயந்திரத்தின் மாதிரியைச் சமன்பாடுகளாக எழுது. எந்தப் பிழைக்கு எவ்வளவு தண்டனை என்று சொல். ரிக்காட்டி சமன்பாட்டைத் தீர். மிகச் சிறந்த கட்டுப்படுத்தி கையில் வந்துவிடும். அளக்க முடியாத நிலைகளை இரைச்சலுக்கிடையிலிருந்து மதிப்பிட்டுத் தருவதற்கு அவருடைய வடிப்பான் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் எல்.க்யூ.ஜி. அப்பலோவில் வடிப்பான் போட்ட போடு இந்த முறைக்கு ஒரு மரியாதையையே ஏற்படுத்தியிருந்தது. பெல் ஆய்வகத்து போடே காலத்து வரைபடங்களைப் பென்சிலும் அளவுகோலும் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பழைய ஆட்களாகிப் போனார்கள்.

ஆனால் அந்தப் பழைய ஆட்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரின் பெருக்கம் காகிதத்தில் எழுதிய எண்ணாகவே இருக்காது, சூட்டில் மாறும், வயதில் மாறும் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம். அதனால் பெருக்கம் எவ்வளவு பிசகினால் வளையம் நிலைகுலையும், கட்டம் எத்தனை பாகை தாமதித்தால் நிலைகுலையும் என்று முதலிலேயே பார்த்து, போதிய மார்ஜின் விட்டுவைப்பார்கள். கால்மன் முறையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. மாதிரி சரி என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கு தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஹோவர்ட் ரோஸன்ப்ராக் போன்றவர்கள் 1971-லேயே இதைச் சொல்லி எச்சரித்தார்கள். ‘மிகச் சிறந்தது’ என்று பெயர் வாங்கிய ஒன்றிடம் குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

போதாக்குறைக்கு ஒரு நல்ல செய்தி வேறு வந்து சேர்ந்தது. நிலைகள் எல்லாவற்றையும் நேரடியாக அளக்க முடிந்தால், கால்மனின் கட்டுப்படுத்தி கேட்காமலேயே பெரிய மார்ஜின் தருகிறது என்று 1977-இல் சஃபோனோவும் அதான்ஸும் காட்டினார்கள். பெருக்கம் பாதியாகக் குறையலாம், எத்தனை மடங்கும் கூடலாம், கட்டம் 60 பாகை வரை பிசகலாம்; வளையம் தாங்கும். சரி, வடிப்பானைச் சேர்த்த பிறகும் இதில் கொஞ்சமாவது மிஞ்சாதா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாயில் கைவைத்தது அந்த நினைப்பின் மேல்.

அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு எவ்வளவு எளிதானது என்பதைப் பார்த்தால்தான் அதன் கூர்மை தெரியும். இரண்டே நிலைமாறிகள் உள்ள, தானாக நிற்காத ஒரு அமைப்பு. வடிவமைப்பவர் கொடுக்க வேண்டிய எண்கள் இரண்டு: பிழைக்கான தண்டனை, இரைச்சலின் அளவு. கட்டுரையில் பொதுச் சூத்திரம்தான் இருக்கிறது. நாம் கணக்கு வசதிக்காக இரண்டையும் 60 என்று வைத்துக்கொள்வோம். இந்த அமைப்பில் ரிக்காட்டி சமன்பாடு பள்ளிக்கூடத்து இருபடிச் சமன்பாடாகச் சுருங்கிவிடும். 60-உடன் 4-ஐக் கூட்டினால் 64, அதன் வர்க்கமூலம் 8, அதோடு 2-ஐச் சேர்த்தால் 10. கட்டுப்படுத்தியின் பெருக்கம் 10. வடிப்பானுக்கும் அதே கணக்கு, அதே 10. இரண்டையும் பெருக்கினால் 100.

இப்போது இயந்திரத்தை இயக்கும் மோட்டாரின் பலம், நாம் எழுதிவைத்ததைப் போல ‘ம’ மடங்கு இருக்கிறது என்போம். சரியாக எழுதியிருந்தால் ம = 1. முழு வளையத்தின் நான்காம்படிச் சமன்பாட்டில் கடைசி உறுப்பு 1 + 100 × (1 − ம) என்று வரும். வளையம் நிற்க வேண்டுமானால் இந்த உறுப்பு சுழிக்கு மேல் இருந்தாக வேண்டும். ம = 1.01 ஆனதும் அது சுழியாகிவிடுகிறது. மோட்டார் நினைத்ததைவிட நூற்றில் ஒரு பங்கு கூடுதல் பலத்தோடு இருந்தால் போதும், மிகச் சிறந்த கட்டுப்படுத்தி கவிழ்ந்துவிடும். கீழ்ப்பக்கமும் பெரிய தாராளம் இல்லை: அதற்கு முந்தைய உறுப்பு 16 + 200 × (ம − 1), ஆகவே 0.92-க்குக் கீழே போனாலும் கதை முடிந்தது. எண்களை 60-க்குப் பதில் 9,600 என்று வைத்துப் பாருங்கள். பெருக்கங்கள் 100, 100 என்று ஆகும். தாங்கும் பிசகு பத்தாயிரத்தில் ஒன்றாகச் சுருங்கும். எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் மார்ஜினை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகத் தன் மோட்டாரின் பலத்தைத் தெரிந்துவைத்திருக்கும் பொறியாளரை யாராவது கண்டதுண்டா?

இதில் கால்மனைக் குறை சொல்வது நியாயமில்லை என்று எனக்குப் படுகிறது. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் அவர் முறை தந்தது. கேள்வியில்தான் ஓட்டை. ‘மாதிரி பொய்த்தால்?’ என்பதையும் கேள்விக்குள் கொண்டுவர வேண்டும். அதை விடைகாணக்கூடிய கணக்காகவும் ஆக்க வேண்டும். முதல் பாதியைச் செய்தவர் ஜார்ஜ் ஸேம்ஸ்.

ஸேம்ஸ் 1934-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போர் வெடித்ததும் குடும்பம் லிதுவேனியாவுக்கு ஓடியது. அங்கே ஜப்பானியத் தூதரக அதிகாரி சியூனே சுகிஹாரா, மேலிடத்து உத்தரவை மீறி ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு விசா எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு விசாவில்தான் ஸேம்ஸ் குடும்பம் உயிர்தப்பி ஜப்பானுக்கும், பிறகு ஷாங்காய்க்கும், கடைசியில் 1948-இல் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தது. மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, பல இடங்கள் சுற்றி, 1974-இல் மெக்கில்லுக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

1966-இலேயே அவர் ஒரு தேற்றம் தந்திருந்தார். வளையத்தைச் சுற்றிவரும் சமிக்ஞை இரண்டு பெட்டிகளைக் கடந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டின் பெருக்கங்களைப் பெருக்கி வரும் எண் 1-க்குக் குறைவாக இருக்கும்வரை வளையம் நிலைகுலையாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கவே வேண்டாம். அதிகபட்சம் எவ்வளவு பெருக்கும் என்று தெரிந்தால் போதும். ஆகவே ஒரு பெட்டிக்குள் நம் அறியாமையைப் போட்டுவிடலாம். டாயிலின் எடுத்துக்காட்டிலேயே இதைச் சோதிக்கலாம். அறியாமைப் பெட்டியின் அளவு நூற்றில் ஒன்று. மீதி வளையம், அந்தப் பெட்டி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், மாறாத சமிக்ஞையை 100 மடங்கு பெருக்குகிறது. 0.01 × 100 = 1. கவிழ்ந்தது சரியாக அந்த எல்லையில்தான்.

1981-இல் ஸேம்ஸ் அடுத்த அடியை எடுத்துவைத்தார். எல்லா அதிர்வெண்களிலும் தேடி, எங்கே பெருக்கம் உச்சமோ அந்த உச்சத்தைக் குறைப்பதையே வடிவமைப்பின் இலக்காக வைப்போம் என்றார். கால்மன் முறை சராசரியைக் குறைத்தது. இது மோசமானதிலும் மோசமானதைக் குறைக்கிறது. அந்த உச்ச அளவுக்குக் கணிதத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: எச் இன்ஃபினிட்டி நெறிமம். ‘எச்’ என்பது ஜி. எச். ஹார்டி. ஆம், நம் ராமானுஜனின் ஹார்டிதான். இந்தச் சார்பு வெளிகளுக்கு ஊற்றான அவருடைய கட்டுரை 1915-இல், ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த நாட்களிலேயே வந்தது. தன் கணிதம் எந்தக் காரியத்துக்கும் பயன்படாது என்று பெருமை பேசியவர் அவர். பாவம், அவர் பெயர் இன்று விமானக் கட்டுப்பாட்டுப் புத்தகங்களின் அட்டையில் இருக்கிறது.

கேள்வி வந்துவிட்டது. விடை காண்பதுதான் பாடாய்ப்படுத்தியது. 1980-களின் தொடக்கத்தில் எச் இன்ஃபினிட்டி என்றாலே பொறியாளர்கள் பின்வாங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பிக், ரோல்ஃப் நெவன்லின்னா ஆகியோர் செய்த இடைக்கணிப்புத் தேற்றங்கள், ஹான்கெல் இயக்கிகள் என்று கடுமையான கணிதம் ஒருபக்கம். அதையும் தாண்டிக் கணினியில் ஏற்றினால், மறுமுனையில் வரும் கட்டுப்படுத்தி இயந்திரத்தைவிடப் பல மடங்கு சிக்கலாக இருக்கும். 1984-இல் டாயில் நிலைவெளி முறையிலேயே ஒரு பொதுத் தீர்வைக் கொடுத்துவிட்டார். ஆனால் அதில் ஒரு கட்டத்தின் விடை அடுத்த கட்டத்துக்குள் போய், ரிக்காட்டி சமன்பாடுகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வந்துகொண்டே இருந்தன. தத்துவப்படி விடை உண்டு. நடைமுறையில் கணினி திணறியது.

இந்த முடிச்சு அவிழ்ந்தது 1988, 89-இல். கீத் கிளோவர், டாயில் இருவரும் முதலில் சூத்திரங்களை வெளியிட்டார்கள். 1989 ஆகஸ்டில், முன்பு சொன்ன அதே ஆய்விதழில், டாயில், கிளோவர், ப்ரமோத் கார்கோனேகர், புரூஸ் ஃப்ரான்சிஸ் நால்வரும் சேர்ந்து முழு நிரூபணத்தோடு எழுதினார்கள். நால்வரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.ஜி.கே.எஃப். என்றே இந்தத் துறையில் அந்தக் கட்டுரையை அழைக்கிறார்கள். கார்கோனேகர் மும்பை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்.

அவர்கள் சொன்னது இதுதான். உச்சத்தை காமா என்ற ஓர் எண்ணுக்குக் கீழே வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியுமா முடியாதா என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டே ரிக்காட்டி சமன்பாடுகளைத் தீர்த்தால் போதும். இயந்திரத்துக்கு எத்தனை நிலைமாறிகளோ அவ்வளவுதான் அந்தச் சமன்பாடுகளின் அளவும். இரண்டுக்கும் தகுந்த தீர்வு இருந்து, இரண்டு தீர்வுகளையும் பெருக்கி வரும் அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு காமாவின் வர்க்கத்துக்குக் குறைவாக இருந்தால், முடியும். கட்டுப்படுத்தியை அந்தத் தீர்வுகளிலிருந்தே எழுதிவிடலாம். இல்லையென்றால் முடியாது, வேறு எந்த மேதை வந்தாலும் முடியாது. காமாவைக் கொஞ்சம் குறைத்து மறுபடி கேளுங்கள். முடியும், முடியாது என்ற இரண்டு எல்லைகளுக்கு நடுவில் பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போனால், பத்தாவது வெட்டில் இடைவெளி ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

கால்மனின் அதே ரிக்காட்டிதான் இங்கேயும் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய முறையைக் கவிழ்த்த கேள்விக்கு விடை, பழைய முறையின் கருவியிலேயே கிடைத்தது. அந்தச் சமன்பாட்டைக் கணினியில் நம்பகமாகத் தீர்க்கும் வழியை ஆலன் லாப் 1979-லேயே ஷூர் பிரிப்பை வைத்து எழுதிவைத்திருந்தார். கிளீவ் மோலர் மாணவர்களுக்காக எழுதிய மேட்லாப், 1984 முதல் விற்பனைக்கு வந்து கல்லூரி ஆய்வகங்களில் புழங்கிக்கொண்டிருந்தது. ஆக, டி.ஜி.கே.எஃப். வந்த வேளையில் சமையலுக்கான சாமான் எல்லாம் ஏற்கெனவே அடுப்படியில் இருந்தது. ஸேம்ஸின் 1981 கட்டுரையைத்தான் வரலாறுகள் கொண்டாடுகின்றன. வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டால், அவர் வேலையை மாற்றியது 1989 என்றுதான் சொல்வார் என்பது என் எண்ணம்.

இதே 1989-இல் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் நடந்தது. கட்டுப்படுத்தியை வடிவமைப்பது இருக்கட்டும். கையில் இருக்கும் ஒரு வளையத்தின் உச்சம் எவ்வளவு என்று அளப்பதே அதுவரை தடவல்தான். சில நூறு அதிர்வெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பெருக்கத்தைக் கணக்கிட்டு, பெரியதை எடுத்துக்கொள்வார்கள். செயற்கைக்கோளின் சூரியத் தகடு போன்ற வளைந்தாடும் உறுப்பு இருந்தால் இது ஏமாற்றிவிடும். தணிப்பு விகிதம் 0.001 என்றால், ஒத்ததிர்வு உச்சம் 500 மடங்கு உயரம். அகலமோ அதிர்வெண்ணில் 0.2 சதவீதம். ஒரு தசமத்துக்கு 100 புள்ளிகள் வைத்தால் புள்ளிகளுக்கு நடுவே 2.3 சதவீத இடைவெளி. உச்சம் இரண்டு புள்ளிகளின் நட்டநடுவில் விழுந்தால், 500 இருக்கும் இடத்தில் கணினி ஏறக்குறைய 44 என்று காட்டும். அதை நம்பி விண்ணில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் பாய்டும் அவருடைய மாணவர் வெங்கடரமணன் பாலகிருஷ்ணனும், பியர் கபாம்பாவோடு சேர்ந்து, அதிர்வெண்ணைத் தேடாமலேயே இதைக் கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். பாலகிருஷ்ணன் 1985-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கத்தோடு பட்டம் வாங்கியவர். காமா என்று ஓர் எண்ணை ஊகித்து, வளையத்தின் அணிகளைக் கொண்டு இருமடங்கு அளவில் ஒரு ஹாமில்டன் அணி அமைக்க வேண்டும். அதன் ஐகன் மதிப்புகளில் ஒன்றுகூடக் கற்பனை அச்சின்மேல் விழவில்லை என்றால், உச்சம் காமாவுக்குக் கீழே. ஒன்றாவது விழுந்தால், உச்சம் காமாவைத் தொட்டோ தாண்டியோ இருக்கிறது. எந்த அதிர்வெண்ணில் என்ற கேள்வியே எழாமல், எல்லா அதிர்வெண்களும் ஒரே கணக்கில் சோதிக்கப்பட்டுவிடுகின்றன. மறுபடி பாதிபாதியாக வெட்டினால் உச்சம் பிடிபடும். அச்சின்மேல் விழுந்த மதிப்புகளே உச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கின்றன என்பதைக் கவனித்து, 1990-இல் பாய்டும் பாலகிருஷ்ணனும் ஒருபக்கம், ப்ரூயின்ஸ்மாவும் ஸ்டைன்புக்கும் மறுபக்கம், இந்தக் கணக்கைப் பல மடங்கு வேகமாக்கினார்கள். இன்று மென்பொருளில் ஒரு வரி தட்டினால் உள்ளே ஓடுவது இந்த வழிமுறைதான்.

கணக்கு இவ்வளவு சுலபமானதும் ஆரவாரம் தொடங்கியது. 1989 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் நடந்த மாநாட்டில், முதல் போடே சொற்பொழிவை ஆற்றிய ஹனிவெல்லின் குந்தர் ஸ்டைன் அந்த ஆரவாரத்துக்கு நடுவே குளிர்ந்த நீரை ஊற்றினார். ஸ்டைன் ஒன்றும் எதிர்முகாம் ஆள் அல்ல. டாயிலோடு சேர்ந்து 1981-இல் முக்கியமான கட்டுரை எழுதியவர். அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று முன்னோக்கி வளைந்த இறக்கைகள் கொண்ட எக்ஸ்-29 விமானம். 1984 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த அது, கணினி நொடிக்கு 40 முறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் வானில் நிற்கும். விட்டால் மூக்கின் விலகல் நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். ராணுவத் தரப்படி 45 பாகை கட்ட மார்ஜின் வேண்டும். பொறியாளர்கள் எவ்வளவோ முயன்றும் எட்டவில்லை. காரணம் அவர்கள் திறமைக் குறைவு அல்ல. அந்த அளவு நிலையற்ற விமானத்துக்கு, இயக்கும் உறுப்புகளின் வேகம் அவ்வளவுதான் என்ற நிலையில், போடே 1940-களில் எழுதிவைத்த தொகையீட்டு விதியே அதற்கு இடம் கொடுக்காது. ஓர் அதிர்வெண்ணில் குறைத்த உணர்திறன் இன்னொன்றில் கூடியே தீரும். கடைசியில் குறைந்த மார்ஜினோடு பறக்க அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. செர்னோபிலும் அந்த உரையில் வந்தது. உரை நடந்த அதே ஆண்டு பிப்ரவரியில் சுவீடனின் லிங்கோப்பிங்கில் தரையிறங்கும்போது புரண்ட கிரிப்பென் போர்விமானமும் வந்தது.

எச் இன்ஃபினிட்டி கணக்கும் இந்த விதியை மீறாது. மீற முடியாது என்பதை முன்கூட்டியே எண்ணாகச் சொல்லிவிடும். அவ்வளவுதான் அதன் வலிமை. அது சின்ன வலிமை அல்ல. எட்டாததற்கு மாதக்கணக்கில் முட்டிமோதாமல், சிறகை மாற்று, இல்லை மோட்டாரை மாற்று என்று முதல் வாரத்திலேயே சொல்ல முடிகிறது.

மேசையிலிருந்து வானத்துக்குப் போக அதிக காலம் ஆகவில்லை. கேம்பிரிட்ஜில் கிளோவரும் அவர் மாணவர் டங்கன் மெக்ஃபார்லேனும் 1990 வாக்கில் பழைய ஆட்களுக்கும் பிடிக்கும்படி ஒரு சமரசம் செய்தார்கள். போடே பாணியில் வளையத்தின் வடிவத்தைக் கையால் வரைந்துகொள். பிறகு அதை உறுதிப்படுத்தும் பொறுப்பை எச் இன்ஃபினிட்டியிடம் விடு. இதில் காமாவைத் தேடக்கூட வேண்டாம், ஒரே கணக்கில் விடை வரும். ரிக் ஹைட் இந்த முறையில் வடிவமைத்த கட்டுப்படுத்தி, 1993-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு தளத்தில், ஓடுதளம் இல்லாமல் நின்ற இடத்திலிருந்தே எழும்பும் ஹாரியர் விமானத்தில் பறந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு சங்கடங்கள் மிஞ்சின. ஒன்று, அறியாமை ஒரே பெட்டியில் இருப்பதில்லை. மோட்டாரில் கொஞ்சம், உணரியில் கொஞ்சம், எடையில் கொஞ்சம் என்று தனித்தனியாகக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கணக்கிட்டால், நடக்கவே நடக்காத கூட்டுச்சதிகளுக்கெல்லாம் பயந்து மந்தமான கட்டுப்படுத்திதான் கிடைக்கும். இதற்காக டாயில் 1982-லேயே மியூ என்ற புது அளவை வகுத்திருந்தார். அதைச் சரியாகக் கணக்கிடுவது என்.பி. கடினம் என்பது 1990-களில் நிரூபணமானது. அதனால் மேலெல்லை, கீழெல்லை இரண்டையும் கண்டு நடுவில் சிக்கவைப்பதோடு திருப்திப்பட வேண்டியிருந்தது.

இரண்டாவது சங்கடம் தொழிற்சாலைத் தளத்தில். டி.ஜி.கே.எஃப். தரும் கட்டுப்படுத்தியில், இயந்திரத்துக்கும் அதன்மேல் நாம் ஏற்றிய எடைச் சார்புகளுக்கும் சேர்த்து எத்தனை நிலைமாறிகளோ அத்தனையும் இருக்கும். இருபது, முப்பது சாதாரணம். தளத்தில் இருப்பதோ மூன்றே எண்களைத் திருகிச் சரிசெய்யும் பி.ஐ.டி. பெட்டி. அதே உத்தரவாதத்தை அந்த மூன்று எண்களுக்குள் கொடுங்கள் என்று கேட்டால், ரிக்காட்டி கைவிரித்துவிடும். கட்டுப்படுத்தியின் வடிவத்தை முன்கூட்டியே கட்டிப்போட்ட அந்தக் கணத்தில், கணக்கின் குவிதன்மை போய்விடுகிறது. சிறந்தது என்று கணினி காட்டும் இடம் உண்மையிலேயே சிறந்ததுதானா என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. உச்சத்தின் வரைபடமும் வழவழப்பாக இல்லாமல் முனைமுனையாக உடைந்து கிடப்பதால், சரிவைப் பார்த்து இறங்கும் வழக்கமான வழிமுறைகள் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். டி.ஜி.கே.எஃப். வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 2006-இல், துலூஸில் பியர் அப்காரியனும் டொமினிக் நோலும் அந்த முனைகளின் மேலேயே இறங்கிச்செல்லும் ஒரு வழிமுறையோடு வந்தார்கள். அவர்களை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)